இலவசம் என்றால் இளக்காரமா? கடவுச்சொல் பெட்டகமும் நம் பொறுப்பும்



"இலவச மென்பொருளை நம்பாதீர்கள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். திருடனுக்கே வரைபடம் கொடுத்தது போலாகும்." அண்மையில் ஆசிரியர்களுக்கான இணையப் பாதுகாப்புப் பட்டறை ஒன்றில் உரையாளர் ஒருவர் இவ்வாறு திருவாய் மலர்ந்தார். அவையினர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்புத்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏனெனில், அப்படித் தலையசைத்தவர்களில் பலர் பள்ளியின் கடவுச்சொற்களைப் புலனக் குழுவில் படமெடுத்துப் போடுகின்றவர்கள். வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சன்னல் கம்பியின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

உரையாளர் கூறியது தவறு என்பதே என் வாதம். தவறு மட்டுமன்று, நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடும் கூற்றும் ஆகும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்ட் மேனேஜர்' என்று வழங்குவதை நான் கடவுச்சொல் பெட்டகம் என்கிறேன். நம்முடைய எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் மறைகுறியாக்கி ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கும் மென்பொருள் அது. பெட்டியைத் திறக்கும் ஒரே ஒரு தலைமைக் கடவுச்சொல்லை மட்டும் நாம் நினைவில் வைத்திருந்தால் போதும். மற்றவற்றை மென்பொருளே நீளமாகவும் தாறுமாறாகவும் உருவாக்கி, வேண்டிய இடத்தில் நிரப்பித் தரும். இவற்றுள் சில வணிக நிறுவனங்களின் மூடிய மென்பொருள்கள். வேறு சில, மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் வழிவிடும் திறமூல மென்பொருள்கள். ஆசிரியர்களும் பெற்றோர்களும் இரண்டாம் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு.

"என்னிடம் திருட என்ன இருக்கிறது, ஐயா?" என்று ஆசிரியர் அறையில் கேட்கிறார்கள். உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். உங்கள் வகுப்பில் இருக்கிறது. வகுப்பாசிரியர் ஒருவரின் கணக்குக்குள் நுழைந்தால் முப்பது பிள்ளைகளின் அடையாள எண், வீட்டு முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண், குடும்ப வருமானம், சிலருடைய நோய் விவரம் எல்லாம் கிடைக்கும். தந்தை சிறையில் இருக்கிறார், தாய் விட்டுச் சென்றுவிட்டார் என்னும் செய்திகள்கூட ஆலோசனைக் குறிப்பேடுகளில் உண்டு. நமக்குச் சொந்தமில்லாத செய்திகள் இவை. நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அடையாள எண்ணை மாற்ற இயலாது. ஏழு வயதில் மைக்கிட் அட்டையில் இருக்கும் அதே 12 இலக்க எண்தான் அப்பிள்ளை எழுபது வயதில் மருத்துவமனைக்குச் செல்லும்போதும் இருக்கும். நம் நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி 2017 அக்டோபரில் வெளியானதை மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் மக்கள் தொகையை விடவும் கூடுதலான எண்ணிக்கை அது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்று அதன் தொடக்கப் பிரிவுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, அரசுப் பள்ளி ஆசிரியரின் மேசையில் இருக்கும் தரவுக்கு அந்தச் சட்டம் காவல் நிற்காது.

இப்போது நம் வழக்கங்களைப் பார்ப்போம். 2020-இல் டெலிமா தளம் வந்தது முதல் கணக்குகள் பெருகிவிட்டன. மாணவர் தரவு, மதிப்பீடு, பயிற்சிப் பதிவு, வருகை, மின்னஞ்சல், வங்கி, வரி என்று ஓர் ஆசிரியருக்கு இருபதுக்குக் குறையாத கணக்குகள் இருக்கின்றன. இருபதுக்கும் ஒரே சொல். அதுவும் பெரும்பாலும் அடையாள எண், அல்லது பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டு. அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள், அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். முகநூலில் உங்கள் பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் அதில் பாதிக்கு மேல் தெரியும்.

தமிழாசிரியர்களுக்கென்றே ஒரு தனி வழக்கமும் உண்டு: திருக்குறளின் ஓர் அடியை ஆங்கில எழுத்தில் தட்டி அதையே கடவுச்சொல்லாக வைப்பது. 'நீளமாக இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது?' என்று எண்ணுகிறார்கள். குறள்கள் 1330. ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் ஆயிரம் விதமாக எழுதலாம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 இலட்சத்து 30 ஆயிரம். திருடிய கோப்பு ஒன்றைக் கையில் வைத்திருப்பவனின் கணினி இதை முடிக்க நீங்கள் தேநீர் அருந்தி எழுவதற்குள் போதும். வள்ளுவர் உலகப் பொதுமறை தந்தார். பொதுவில் உள்ளதை மறையாகப் பயன்படுத்த முடியாது.

இன்னும் சில அலுவலகங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். விளைவு என்ன? முடிவில் இருக்கும் 1 என்பது 2 ஆகிறது, 2 என்பது 3 ஆகிறது. இவ்வழக்கத்துக்கு வித்திட்ட ஆவணங்களுள் ஒன்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர் என்பவரே, தாம் கூறியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியைத் திருத்தி, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலமுறைப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. எழுதியவரே கைவிட்டதை நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

இனி, உரையாளரின் வாதத்துக்கு வருகிறேன். நிரல் தெரிந்தால் பூட்டு உடையும் என்றார். இந்தக் கேள்விக்கு விடை கணினி பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 1883-இல் அகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்னும் மொழியாசிரியர் (ஆம், அவரும் நம்மைப் போல் மொழி கற்பித்தவர்தாம்) பிரெஞ்சு இராணுவ இதழ் ஒன்றில் மறைகுறி முறைகளைப் பற்றி எழுதினார். முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு நேரக்கூடாது, திறவுகோல் மட்டுமே இரகசியமாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. இன்றளவும் மறைகுறியியலின் அடிப்படை அதுவே. முறையை ஒளித்து வைத்தால்தான் பாதுகாப்பு என்பவர், தம் பூட்டின் மீது தமக்கே நம்பிக்கை இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மூடிய வணிகப் பெட்டகங்களும் உள்ளே பயன்படுத்துவது பெரும்பாலும் ஏஇஎஸ் என்னும் மறைகுறியாக்க முறையையே. அது எப்படி வந்தது? உலகம் முழுவதும் அழைப்பு விடுத்து, போட்டி வைத்து, வந்த முறைகளையெல்லாம் வெளியில் வைத்து வல்லுநர்களைக் கொண்டு அடித்து உடைக்கச் சொல்லி, உடையாமல் நின்ற ஒன்றை 2001-இல் தரமாக அறிவித்தார்கள். வகுத்தவர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் என்னும் பெல்ஜிய நாட்டவர் இருவர். அதன் ஒவ்வொரு படியும் எவரும் படிக்கக் கிடைக்கிறது. உரையாளரின் வங்கிக் கணக்கைக் காப்பதும் இப்படி வெளிப்படையாக வைக்கப்பட்ட முறைகளே. அவர் வங்கிக் கணக்கை மூடிவிட்டாரா என்று கேட்க எனக்கு அன்று வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அதற்காகத் திறமூலம் என்றாலே பழுதற்றது என்று நான் கூறவில்லை. அப்படிச் சொல்பவர்களும் ஏமாற்றுகிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறமூல நிரல்தொகுப்பில் இருந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டை இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்து 2014-இல்தான் வெளிவந்தது. பலர் பார்க்கலாம் என்பதும் பலர் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல. கீபாஸ் பெட்டகத்தில்கூட 2023-இல் ஒரு குறை கண்டறியப்பட்டது. கணினியின் நினைவகத்தைப் படிக்க முடிந்தவனால் தலைமைக் கடவுச்சொல்லின் பெரும்பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. குறை பகிரங்கமாயிற்று, திருத்தம் வெளியாயிற்று, திருத்தம் உண்மையிலேயே திருத்துகிறதா என்று பிறர் சோதித்தும் பார்த்தனர்.

2024-இல் நடந்த எக்ஸ்இசட் நிகழ்வை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் இருக்கும் சிறு நிரல் ஒன்றில் எவரோ ஈராண்டுக்கு மேல் நல்லவர் போல் நடித்து உள்ளே புகுந்து கள்ளக் கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், கணினிக்குள் நுழைய வழக்கத்தை விட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, நோண்டி நோண்டிக் கதவைக் கண்டுபிடித்தார். அவர் அந்த மென்பொருளை ஆக்கியவர் அல்லர். அதைக் காக்கும் பொறுப்பும் அவருக்கு இல்லை. நிரல் திறந்திருந்ததால் நோண்ட முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த அரை நொடிக்கு என்ன செய்திருக்க முடியும்? வாடிக்கையாளர் சேவைக்குத் தொலைபேசியில் அழைத்து இசை கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மூடிய பெட்டகத்தின் கதையையும் பார்ப்போம். லாஸ்ட்பாஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப் புகழ்பெற்ற பெட்டகங்களுள் ஒன்று. 2021 மார்ச்சில் அந்நிறுவனம், இலவசப் பயனர்கள் கணினி அல்லது கைப்பேசி, இரண்டில் ஒன்றில் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. அஃது அவர்கள் வணிக உரிமை, விட்டுவிடுவோம். 2022-இல் அந்நிறுவனத்துக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்புப் படிகளையே திருடர்கள் நகலெடுத்துச் சென்றுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. பெட்டகத்துக்குள் இருந்த கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தன. ஆனால், எந்த எந்த இணையதளத்தில் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்னும் முகவரிகள் மறைகுறியாக்கப்படவில்லை. பெரும்பாலான பயனர்கள் அதை அன்றுதான் அறிந்தனர். நிரல் மூடியிருந்ததால்தான் திருடு போயிற்று என்று நான் வாதிட மாட்டேன். ஊழியர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக நடந்த ஊடுருவல் அது. ஆனால், பெட்டிக்குள் எதைப் பூட்டுகிறார்கள், எதைப் பூட்டாமல் விடுகிறார்கள் என்பதைத் திருடு போன பிறகு அறிவதற்கும், முன்பே எவரும் படித்துச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

மேலும் ஒரு காரணம் இருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு அதைப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990-களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் எத்தனை பேரிடம் இன்று திறக்கும் நிலையில் உள்ளன? எழுத்துருவுக்கு எழுத்துரு ஒரு குறியேற்றம். ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் பூச்சியும் புழுவுமாகத் தெரிந்தது. தாப், தாம், திஸ்கி என்று தடுமாறி ஒருங்குறிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பாடநூல் வரைவுகளையும் நாடகங்களையும் மலர்களையும் இழந்தோம்! நம் எழுத்தை நம்மாலேயே படிக்க முடியாமற்போன துன்பம் அது. கடவுச்சொற்களைப் பிறருடைய மூடிய வடிவத்துக்குள் வைப்பதும் அதே துன்பத்துக்கு விதை போடுவதே. கீபாஸ் பயன்படுத்தும் கேடிபிஎக்ஸ் கோப்பு வடிவம் வெளிப்படையானது. அதைத் திறக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. ஒன்று நின்று போனால் இன்னொன்றால் திறக்கலாம்.

உலாவியே சேமித்துக்கொள்கிறதே என்பார்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே சொல்லை வைப்பதை விட அது மேல், மறுக்கவில்லை. ஆனால், ஆசிரியர் அறையின் பொதுக் கணினியில் ஐந்து பேர் ஒரே கணக்கில் அமர்ந்து வேலை பார்க்கும்போது, உலாவியில் சேமித்தது ஐவருக்கும் சேமித்ததே. பொதுக் கணினியில் உலாவி "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

எதைத் தேர்வது? என் தெரிவைச் சொல்கிறேன்.

கைப்பேசியும் மடிக்கணினியும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பிட்வார்டன். 2016-இல் வெளிவந்தது. இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கருவியிலேயே மறைகுறியாக்கிய பிறகுதான் அவர்களுடைய வழங்கிக்குச் செல்கிறது. இதன் மீதும் எனக்குக் கண்மூடித்தனமான பற்று இல்லை. 2024 அக்டோபரில், அதன் புதிய உள்ளுறுப்பு ஒன்றின் உரிமம் கட்டற்ற உரிமமாக இல்லை என்று பயனர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பினர். நிறுவனம் அந்த உரிமத்தை மாற்றியது. இந்த நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டி "பார்த்தீர்களா, இவர்களும் இப்படித்தான்" என்றார் நண்பர் ஒருவர். கண்டுபிடித்தவர்கள் பயனர்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

தம் தரவு பிறர் கணினிக்கே போகக்கூடாது என்று எண்ணுபவர்க்கும், பள்ளியின் பொதுக் கணக்குகளுக்கும் கீபாஸ்எக்ஸ்சி. இதில் வழங்கி கிடையாது, கணக்குத் திறக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒரே கோப்பு, உங்கள் கையிலேயே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கீபாஸ்டிஎக்ஸ் கொண்டு அதே கோப்பைத் திறக்கலாம், ஐபோனில் கீபாஸியம். வசதி சற்றுக் குறைவு. கோப்பைத் தொலைத்தால் எல்லாம் தொலைந்தது என்பதால் இரண்டு விரலிகளில் நகல் வைத்தே ஆக வேண்டும். பள்ளியின் முகநூல் பக்கம், பெற்றோர் ஆசிரியர் சங்க மின்னஞ்சல், நூலகக் கணக்கு ஆகியவற்றை இப்படி ஒரு கோப்பில் வைத்து, தலைமைக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டுத் தலைமையாசிரியரின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்வேன். ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனதும் பள்ளியின் பக்கமும் அவரோடு போய்விட்ட கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்!

பதிவிறக்கும்போது மட்டும் விழிப்பு வேண்டும். கீபாஸ் போலவே தோற்றமளிக்கும் போலி மென்பொருளைத் தேடுபொறி விளம்பரங்கள் வழியாகப் பரப்பிக் கடவுச்சொற்களைத் திருடிய கும்பலைப் பற்றி வித்செக்கியூர் நிறுவன ஆய்வாளர்கள் 2025-இல் வெளிப்படுத்தினர். தேடல் முடிவில் விளம்பரம் என்று குறித்திருப்பதை அழுத்தாதீர்கள். அதிகாரப்பூர்வ தளத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துச் செல்லுங்கள்.

இனி, அந்த ஒரே தலைமைக் கடவுச்சொல். குறள் வேண்டாம், பாடல் வரி வேண்டாம், பிள்ளை பெயர் வேண்டாம் என்றால் வேறு எது? பகடையை உருட்டுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1995-இல் ஆர்னல்ட் ரைன்ஹோல்ட் என்பவர் வெளியிட்ட முறை இது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல். ஐந்து பகடைகளை உருட்டினால் வரும் எண்ணுக்கு நேரே ஒரு சொல் இருக்கும். 6-ஐ ஐந்து முறை பெருக்கினால் 7776 வரும், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்வார்கள். இப்படி நான்கு சொற்களை எடுத்தாலே 3,656 ட்ரில்லியனுக்கு மேற்பட்ட வாய்ப்புகள். ஆறு சொற்கள் எடுத்தால் இன்னும் நன்று. மேலே கண்ட குறள் கணக்கின் 13 இலட்சத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பட்டியல்தான் வேண்டும் என்பதில்லை. நம் சொற்களைக் கொண்டே ஒரு பட்டியல் ஆக்கிக்கொள்ளலாம். உலக்கை, நாவல், தூறல், கொக்கி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் வரிசையாக வந்தால், மனத்தில் ஒரு கோமாளிக் காட்சி தோன்றி நிலைத்துவிடும். ஆனால், சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும். நாமே தேர்ந்தால் மனம் மீண்டும் பிள்ளை பெயருக்கே போகும்.

தேர்ந்த சொற்களைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பெட்டகத்தைத் தந்த நிறுவனத்தால்கூட அதை மீட்டுத் தர இயலாது. துணைவருக்கு அந்தத் தாள் இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும். திடீரென நாம் மறைந்துவிட்டால், இறப்புச் சான்றிதழ் ஏந்தி ஒவ்வொரு வாசலாக அலையப் போகிறவர் அவர்தாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கற்றல் கணக்குக்கு அவன் அடையாள எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள், அதை வகுப்புப் புலனக் குழுவில் "டீச்சர், இதுதான் சரியா?" என்று கேட்டும் போடாதீர்கள். குழுவில் முப்பது குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் பெட்டகத்திலேயே பிள்ளைக்கென ஒரு பகுதி ஒதுக்கி வையுங்கள். பத்து வயதில் அவனையே பகடை உருட்டவிடுங்கள்.

கடைசியாக, தமிழாசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டின் முகப்பு மொழிபெயர்ப்பும் தன்னார்வலர்களால் நடைபெறுகிறது. எவர் அனுமதியும் இன்றி ஒரு கணக்குத் திறந்து நாமும் பங்களிக்கலாம். மூடிய மென்பொருளில் தமிழ் வர வேண்டுமானால் எங்கோ ஒரு மேலாளர் இலாபக் கணக்குப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். இங்கே நாம் அமர்ந்தால் போதும். விடுமுறையில் ஆளுக்கு ஐம்பது சொற்றொடர்கள் என்று பிரித்துக்கொள்ளலாம் என எண்ணியிருக்கிறேன். 'வால்ட்' என்பதற்குப் பெட்டகம், 'மாஸ்டர் பாஸ்வேர்ட்' என்பதற்குத் தலைமைக் கடவுச்சொல் என்பன என் பரிந்துரைகள். 'ஆட்டோஃபில்' என்பதற்குத் தன்னிரப்பி என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.